பாஹா டுடுவின் வீட்டுக் குரல்

என் ஜோக்குக்கு ஒரு வகுப்பு முழுக்கச் சிரித்த அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

நான் சமூக அறிவியல் வாத்தியார். பெயர் நாச்சிமுத்து. ஊர் அவிநாசிக்குப் பக்கம், வேலை திருப்பூரில். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் பாதிப் பிள்ளைகள் ஒடிசா, பீகார், அசாம், நேபாளம், ஜார்க்கண்ட் என்று பனியன் கம்பெனிகளை நம்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அதனால் சிரிக்க மாட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும், அதனாலேயே சிரிக்க மாட்டார்கள். இப்படி ஒரு சமநிலையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தாய்ச்செவி வந்தது.

தாய்ச்செவி என்பது திட்டத்தின் பெயர். ஆளுக்கொரு சிறு கருவி, நிலக்கடலை அளவில், காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் அதைக் 'கடலை' என்றே அழைத்தார்கள். "எல்லாரும் கடலை போட்டாச்சா?" என்று நானும் ஒருநாள் வகுப்பில் கேட்டுவைக்க, தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, அந்த வார்த்தைக்கு வயசுப் பிள்ளைகள் நடுவில் வேறு அர்த்தமும் உண்டு என்று நினைவூட்டினார்.

நான் என் பாட்டுக்கு என் தமிழில் பாடம் நடத்துவேன். கருவி அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டில் பேசுகிற பேச்சில், அதுவும் வீட்டில் அதனிடம் அதிகமாகப் பேசுகிறவரின் குரலிலேயே சொல்லும். உதாரணங்களையும் மாற்றிவிடும். நான் மாரியம்மன் நோம்பி என்றால் நேபாளப் பிள்ளைக்கு அது தசைன் பண்டிகை. பிள்ளைகள் திருப்பிப் பேசுவது அவரவர் குரலில்தான் கேட்கும், பேச்சு மட்டும் கேட்கிறவருக்கு ஏற்றபடி மாறிக்கொள்ளும். எனக்கு எல்லாப் பிள்ளைகளும் அவிநாசித் தமிழ் பேசினார்கள். ஆசிரியர் கூட்டத்தில் ஜெசிந்தா டீச்சரின் அறிவிப்புகள் எனக்கு என் மனைவியின் குரலில் வந்தன. அதன்பிறகு நான் கூட்டங்களில் தூங்கியதில்லை.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளக் கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற பையன் பெயர் அப்சல். பொறுமைசாலி. அவனிடம்தான் என் சந்தேகத்தைக் கேட்டேன்.

"ஏம்ப்பா, என் ஜோக்கு அத்தனை மொழிலயும் சிரிப்பு வருதா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "உங்க ஜோக் போகாதுங்க சார். அந்த எடத்துல அவங்கவங்க ஊர் ஜோக்கு ஒண்ணு போகும்."

"அப்ப உள்ளூர்ப் பசங்க?"

"அவங்களுக்கும் மாத்தித்தாங்க சார் போகுது."

வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கருவி செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். துஷ்மந்த் பெஹெரா என்று ஒரு ஒடிசாப் பையன். அதுவரை என்னிடம் "யெஸ் சார்" தவிர வேறெதுவும் பேசியறியாதவன். அவன் எழுந்து நின்று, "போருல ராஜா தோத்துட்டாருன்னா, அந்த ஊர்க்காரங்க மறுநாள் வேலைக்கு எங்கீங்க சார் போனாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"தன்னோட ஆளுங்கள நெனச்சு ஒரு பிள்ளைகூட வெக்கப்படக் கூடாது சார். அதுக்குத்தான் இது" என்றான் அப்சல். நானும் நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன். எந்தப் பாதி என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை.

குழப்பம் 'வேர் நாள்' அன்று ஆரம்பித்தது.

ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறித் தன் மக்களைப் பற்றிப் பேச வேண்டும், பெற்றோர் வந்து கேட்க வேண்டும். இதுதான் வேர் நாள். பெற்றோருக்கும் அவரவர் மொழியில் கேட்க ஆளுக்கொரு கடலை கொடுத்தோம். பாஹா டுடு என்கிற பெண், ஜார்க்கண்டின் சந்தால் குடும்பம், கடைசியில் பேசினாள். எங்கள் குலசாமிக்குப் பொங்கல் வைக்கும்போது கிடா தலையாட்டக் காத்திருப்போம், எங்கள் மண் கறுப்பு, மழை பெய்தால் செருப்போடு சேர்த்துக் காலையும் பிடித்துக்கொள்ளும் என்றெல்லாம் அழகாகச் சொன்னாள். என் காதில் அவிநாசிப் பேச்சாகவே விழுந்தது. ஜார்க்கண்டிலும் நம்மைப் போலவே கிடா வெட்டுகிறார்கள் போலிருக்கிறது, மனிதர்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று மனம் நெகிழ்ந்து கைதட்டினேன். எனக்கு நெகிழ்ச்சி சீக்கிரம் வரும். விசாரிக்கும் பழக்கம்தான் கிடையாது.

கூட்டம் கலைந்ததும் பாஹாவின் அம்மா சுமி என்னிடம் வந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர். தினமும் ஒண்ணரை ஷிஃப்ட், அதாவது காலையில் போனால் பிள்ளைகள் தூங்கப்போகும் நேரத்துக்குத்தான் வீடு. கணவர் கேரளாவில் பிளைவுட் கம்பெனியில். தமிழைக் கம்பெனியிலேயே கற்றுக்கொண்டவர். கடலையைக் காதிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சார், என் பொண்ணு எங்க பேச்சுல பேசி இன்னைக்குத்தான் மொதல்ல கேட்டேன்."

"ரொம்ப நல்லாப் பேசுச்சுங்க" என்றேன்.

"நல்லாப் பேசுச்சு. ஆனா சொன்னதெல்லாம் வேற வீடு சார். எங்க ஊர்ல மண்ணு செவப்பு. கிடா தலையாட்டறதெல்லாம் எங்களுக்குக் கெடையாது." மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அது யார் வீடுன்னு எனக்குத் தெரியும். பேச்சியக்கா வீடு."

அப்சலைக் கூப்பிட்டு விசாரித்ததில் விஷயம் விளங்கியது. வீட்டுக் குரலைப் பிடிக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரம் கேட்புப்பெட்டி வைப்பார்கள். பிள்ளை எங்கே இருக்கிறதோ பெட்டியும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுமி குடியிருப்பது லைன் வீட்டில். வரிசையாக ஒற்றை அறைகள், பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், யாருடைய ஷிஃப்ட் முடியவில்லையோ அவர்கள் பிள்ளைக்கு யார் வீட்டில் உலை கொதிக்கிறதோ அங்கே சோறு. சுமி சொன்னபடியே செய்திருக்கிறார். வேலைக்குப் போகும்போது பிள்ளையோடு சேர்த்துப் பெட்டியையும் பக்கத்து அறை முத்துப்பேச்சியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முத்துப்பேச்சி விருதுநகர்ப் பக்கம். கம்பெனித் துணியை வீட்டுக்கு வாங்கிவந்து பிசிறு வெட்டுகிறவர், அதனால் பகலெல்லாம் வீட்டில்தான். பெட்டி ஒரு வாரம் கேட்டது முழுக்க அவர் குரலைத்தான். பாஹா என்கிற சந்தால் பெண்ணுக்குக் கரிசல்காட்டு அடையாளத்தைப் பொறுப்பாகத் தேடி எடுத்துக் கொடுத்து, அதை நினைத்து அவளைப் பெருமைப்படவும் வைத்துவிட்டது.

"மிஷின் தப்புப் பண்ணலீங்க சார். கேட்டதச் சொல்லுது" என்றான் அப்சல்.

"மாத்த முடியுமில்ல?"

"ஈஸிங்க. சந்தாலின்னு மாத்திவிட்டாப் போதும், ரெடியாப் பதிவு பண்ணி வெச்ச குரல் ஒண்ணு இருக்கு."

மாற்றினான். அடுத்த நாளே பாஹா கடலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கணக்கில் முதல் வரிசையில் வருகிற பெண், பரீட்சைத் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

ஜெசிந்தா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் முகத்தில் கண்டிப்பு இல்லை, அதுவே பயமாக இருந்தது.

"சார், அரையாண்டுக்குள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீட்டுக் குரல் முடிவாகணும். முடிவானா பிளஸ் டூ வரைக்கும் அதேதான், அப்பறம் மாத்த முடியாது. முடிவாகாத பிள்ளைங்கள அடையாளத் தெளிவு மையத்துக்கு அனுப்பச் சொல்லிருக்காங்க."

"அது எங்கீங்க டீச்சர் இருக்குது?"

"சேலம் தாண்டி. ஹாஸ்டல்."

"யாரையும் விட்டுடக் கூடாதுன்னுதானுங்களே இந்தத் திட்டமே?"

"ஆமா சார். அதனாலதான் விட்டுப்போனவங்களுக்குத் தனியா ஒரு எடம் கட்டிருக்காங்க." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பாஹாவை வேப்பமரத்தடியில் பிடித்தேன். என் காதிலிருந்த கடலையைக் கழற்றினேன். அவள் பேச்சை அவள் பேச்சாகவே கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அசல் விருதுநகர்ப் பேச்சு.

"ஏன் கண்ணு போட மாட்டேங்கற?"

"அதுக்குள்ள யாரோ ரேடியோக்காரப் பொம்பள பேசுது சார். ஒண்ணும் வெளங்கல."

"உங்க பேச்சுதான அது?"

"எங்க அம்மா பேச்சு. எனக்குச் சோறு, தண்ணி, காய்ச்சல் இதுக்கு மட்டுந்தான் தெரியும்." டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடினாள். "அம்மா பேசி வெளங்காமப் போனா ஒண்ணும் தோணாது சார், சும்மா கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். அந்தப் பொம்பள பேசி வெளங்கலைன்னா வெக்கமா இருக்கு."

வெட்கப்படக் கூடாது என்பதற்காகச் செய்த கருவி. நான் அவளிடம் சாப்பிடு கண்ணு என்றேன். சமூக அறிவியலில் அதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"அந்தப் பழைய குரலையே வெச்சுக்கலாமா? பேச்சிப் பெரியம்மா கொரல்?" என்று கேட்டேன்.

"அப்ப அம்மா அழும்."

"அம்மா சொல்ற மாதிரி வெச்சா?"

"அப்பப் பெரியம்மா அழாது. ஆனா சாப்பிடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை லைன் வீட்டுக்குப் போனேன். குழாயடியில் குடங்கள் வரிசை. சுமியும் முத்துப்பேச்சியும் நடுவே ஒரு வெள்ளைப் பனியன் குவியலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் முத்துப்பேச்சி எழுந்து, குற்றம் செய்தவர்போல நின்றார்.

"நான் என்ன சார் செஞ்சேன்? பிள்ளைக்கு ஒரு வாய் சோத்தப் போட்டேன். வாய மூடிக்கிட்டா சோறு போட முடியும்? வா தாயி, சாப்பிடு தாயின்னு சொல்லத்தான செய்வோம்."

"யாரக்கா ஒங்களக் கொற சொன்னா" என்றார் சுமி, கத்தரியை விடாமல். "நான் ஒண்ணரை ஷிஃப்ட் போனேன். என் பேச்சு அரை ஷிஃப்ட்கூட வீட்ல இல்ல. அவ்வளவுதான்."

"நீ அப்படிப் பேசாத. நெஞ்ச அறுக்குது."

"சேலத்துக்கு அனுப்பிருவாங்களா சார்?" என்று சுமி கேட்டார். கத்தரி நின்றுவிட்டது.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளைப் பற்றி என் வீட்டில் ஒரு பொதுவான அபிப்பிராயம் உண்டு, அதைத் தனியாக இங்கே சொல்ல வேண்டியதில்லை. அப்சலிடம் சொல்லிப் பெட்டியை இன்னொரு வாரம் வைக்கச் செய்வது. அந்த வாரம் சுமி ஒரு ஷிஃப்ட்டோடு வீடு திரும்பி மகளிடம் சந்தாலியில் பேசிக்கொண்டே இருப்பது. முத்துப்பேச்சி வாயே திறக்காமல் இருப்பது. பெட்டி சுமியின் குரலைப் பிடித்துக்கொள்ளும், பாஹாவுக்கு ரேடியோக்காரி போய் அம்மா வந்துவிடுவாள்.

"வாயே தெறக்கக் கூடாதா?" என்றார் முத்துப்பேச்சி.

"ஒரே வாரந்தானுங்க."

"பிள்ள விக்குனா?"

"தண்ணி குடுங்க. பேசாமக் குடுங்க."

கேட்புப்பெட்டியை ஏமாற்ற ஒரு வாத்தியார் திட்டம் தீட்டிக் கொடுக்கிறார். வேலை போனால் என்ன செய்வது என்று வண்டியில் வரும்போது யோசித்தேன். பிசிறு வெட்டலாம்.

அந்த வாரம் முழுக்க பாஹா வகுப்புக்கு வந்தாள், பேசாமல் இருந்தாள், போனாள். சனிக்கிழமை அப்சல் பெட்டியை எடுத்துப் போனான். திங்கட்கிழமை மடிக்கணினியோடு வந்து, ஆசிரியர் அறையில் என் எதிரே உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

"சார், எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

"சந்தாலி வந்துச்சா?"

"வந்துருச்சு. வீட்டுப் பேச்சு சந்தாலின்னு எடுத்துக்கிச்சு. பாதிக்குப் பாதி கரிசல் தமிழ் கலந்திருக்கு, வீட்டு வழக்குன்னு அதையும் சேர்த்துக்கிச்சு. ஆனா குரலு..." அவன் திரையை என் பக்கம் திருப்பினான். "மறுபடியும் பேச்சியக்காதானுங்க."

மதியம் இருவரையும் வரவழைத்தோம். முத்துப்பேச்சி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

"ரெண்டு நா வாய மூடித்தான் கெடந்தேன் சார். பிள்ள நான் கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சுச் சாப்பிடவே இல்ல. அங்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கிருச்சு. இவ வார வரைக்கும் வயிறு தாங்குமா? மறுநா காலைல கொழாயடில இவகிட்டக் கேட்டேன், உங்க பேச்சுல சாப்பிடுன்னா என்ன சொல்லுவீகன்னு. சொல்லிக் குடுத்தா. தமிழ்ல பேசுனாத்தான தப்பு, இந்தப் பேச்சுல பேசுனா என்னன்னு... தாகா சொம்மேய் தாயின்னேன். எந்திரிச்சு உக்காந்து ஒரு தட்டு தின்னுச்சு. அப்பறம் தெனமும் காலைல ஒண்ணொண்ணாக் கேட்டு வச்சுக்கிட்டேன்."

நான் சுமியைப் பார்த்தேன். "நீங்க பேசலீங்களா?"

"பேசினேன் சார். ஒரு ஷிஃப்ட்னா ஒரு ஷிஃப்ட்ல விட மாட்டாங்க, ஆர்டர் அவசரம். நான் வந்து பேசறப்போ அது தூங்கிரும். தூங்கற பொண்ணுகிட்டத்தான் நெறைய பேசினேன்."

"தூக்கத்துல கேட்டா மிஷின் கணக்குல எடுத்துக்காதுங்க அக்கா" என்றான் அப்சல். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்கே தோன்றியிருக்கும், மடிக்கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஆக, உலகத்திலேயே மூன்று பேர் மட்டும் பேசுகிற ஒரு மொழி பாஹாவின் வீட்டுக் குரலாகக் கிடைத்திருந்தது. அதில் ஒருவருக்குச் சந்தாலி தாய்மொழி, ஒருவர் அதைக் குழாயடியில் கற்றவர், மூன்றாமவள் இரண்டுக்கும் நடுவில் சாப்பிட்டு வளர்ந்தவள். திட்டக்காரர்கள் இதற்குப் பெருமைப்படுவார்களா, மன்னிப்புக் கேட்பார்களா? ஜெசிந்தா டீச்சர் சுருக்கமாகக் கேட்டார்.

"பிள்ள போட்டுக்குமா?"

போட்டுக்கொண்டாள். அடுத்த பாடவேளை என்னுடையது, மண் வகைகள். பாஹா முதலில் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு யாரோ கூப்பிட்டதுபோலச் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே முத்துப்பேச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். பாஹா கரும்பலகைக்குத் திரும்பினாள். பேனாவைத் திறந்தாள். செம்மண் எங்கெல்லாம் இருக்கிறது என்று நான் கேட்டதற்குக் கை தூக்கி, "எங்க அம்மா ஊர்ல" என்றாள்.

வேர் நாளில் எவ்வளவு நேரம் பேசினாள், அதில் 'அம்மா' என்கிற இந்த ஒரு சொல் இல்லை. சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டு டஸ்டரால் கரும்பலகையில் ஒன்றுமே இல்லாத இடத்தைத் துடைத்தேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். சுமி இன்னும் போகவில்லை. அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"சார், அந்தக் கொரல நான் ஒரு தடவ கேக்கலாமா?"

அப்சல் பாஹாவின் பாடத்தை ஒரு பெரியவர்க் கடலைக்கு மாற்றிக் கொடுத்தான். சுமி அதைக் காதில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றார். நான் நடத்திய செம்மண்ணும் கரிசலும் அவர் மொழியில், பக்கத்து அறை அக்காவின் தொண்டை வழியாக அவருக்குள் போய்க்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி சற்றுத் தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் சுமிக்குச் சிரிப்பு வந்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"தப்புத் தப்பா இருக்கு சார்" என்றார் கடைசியில். "எங்க ஆளுங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க. இழுத்து இழுத்து, நடுவுல தாயி தாயின்னு..."

"அடியே, நீ சொல்லிக் குடுத்ததத்தான சொன்னேன்" என்றார் முத்துப்பேச்சி, மெல்ல.

"நீங்க சொன்னது தப்பில்லக்கா. நாக்கு வேற." என்னிடம் திரும்பினார். "இதத் திருத்த முடியாதா சார்?"

நான் அப்சலைப் பார்த்தேன்.

"திருத்தலாங்க அக்கா. திருத்தினா அந்த ரேடியோக் குரல்தான் வரும்."

"பிளஸ் டூ வரைக்கும் இப்படியேதான்?"

"ஆமாங்க. இன்னைக்கு ஓகே பண்ணிட்டா அவ்வளவுதான்."

சுமி வகுப்புக்குள் பார்த்தார். இடைவேளை ஆரம்பித்திருந்தது. பாஹா துஷ்மந்திடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள், அவன் இல்லை என்று தலையாட்டினான், அவள் மறுபடி விளக்கினாள். கடலை அவள் காதிலேயே இருந்தது.

"சேலத்துக்குப் போக வேண்டாமில்ல?"

"வேண்டாமுங்க" என்றேன். இந்தக் கதையிலேயே நான் நிச்சயமாகச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

"அப்பச் சரி சார். போட்டுருங்க." கடலையைக் காதிலிருந்து எடுக்கப் போனவர், எடுக்காமல் நிறுத்தினார். "இத இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கறேன். எம்பொண்ணு இனி எங்கிட்ட இப்படித்தான் பேசும். நானும் இப்படியே பேசிப் பழகிக்கறேன்."

அப்சல் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தான். பெரியவர்க் கடலை பள்ளிச் சொத்து, வெளியே கொடுக்கக் கூடாது. நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் மைதானத்தைக் கடந்து கேட்டை நோக்கி நடந்தார்கள். முத்துப்பேச்சி முன்னால், சுமி ஒரு எட்டு பின்னால். சுமியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. காதில் கேட்டதைக் கேட்டபடியே, தன் தாய்மொழியைத் தப்பாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.